படுகைக் காயும் சிப்பிக் காளானும்: கும்பகோணத்து உணவகத்தின் இரண்டு வருடக் கொள்முதல் பதிவு

போன கார்த்திகையில் நாலு நாள் விடாத அடைமழை. அந்த வாரம் தாராசுரம் மார்க்கெட்டுக்கு வண்டி போனது வெங்காயம், உருளை, தக்காளிக்கு மட்டும்தான். மீதி எல்லாம் 25 கிலோமீட்டருக்குள்ளிருந்து வந்தது. காளான் கொல்லைப்புறக் கொட்டகையிலிருந்து வந்தது. இதற்கு முந்தைய வருடம் இதே மாதத்தில் எல்லாம் கவிழ்ந்திருந்தது. இரண்டு வருடத்துக்கும் நடுவில் எது மாறியது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறோம். எங்கள் உணவகம் 60 இருக்கை, சைவம், மதியம் 200 முதல் 220 இலைச் சாப்பாடு. உங்கள் கணக்கை இதிலிருந்து கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

பட்டியலைத் தலைகீழாகப் போட்டது

முதல் வருடம் செய்த தப்பு, மெனுவை முதலில் எழுதியது. திங்கள் கத்தரி கொத்சு, செவ்வாய் வெண்டைக்காய் பொரியல், புதன் அவரைக் கூட்டு என்று அட்டவணை போட்டு, இதை யார் கொடுப்பார்கள் என்று தேடினோம். ஒரு நாளைக்கு ஒரே காய் 10 கிலோ வேண்டும். 20 குழி நிலத்தில் வெண்டை வைத்திருப்பவரிடம் அன்று 6 கிலோதான் இருக்கும், அடுத்த நாள் 9 கிலோ வந்து நிற்கும். புதன்கிழமை வெண்டை வேண்டாம் என்றால் செடி கேட்காது. ஒரு நாள் விட்டால் காய் முற்றிவிடும், பறிக்காமல் விட்டால் செடி காய்ப்பதையே குறைத்துக்கொள்ளும்.

இப்போது இருக்கும் முறை வேறு. தினசரி 40 கிலோ காயில் சாம்பார் 9, கூட்டு 8, பொரியல் 10, குழம்பு 4 ஆக 31 கிலோவில் காயை மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது. இந்த நாலு இடத்துக்கும் காயின் பெயரை எழுதுவதில்லை, ‘நீர்க்காய்’, ‘கிழங்கு’, ‘கீரை’, ‘கட்டிக்காய்’ என்று வகை மட்டும் எழுதுகிறோம். கூட்டு என்றால் நீர்க்காய்: புடலை, பீர்க்கை, சுரை, பூசணி எது வந்தாலும் அதே பருப்பு, அதே அரைப்பு. பொரியல் மட்டும் காலை 7 மணிக்கு, வண்டி வந்த பிறகு, கரும்பலகையில் எழுதப்படும். சமையல்காரருக்கு இது பிடிக்க இரண்டு மாதம் ஆனது. அச்சடித்த மெனு கார்டில் காயின் பெயரே இல்லை, ‘இன்றைய பொரியல்’ அவ்வளவுதான்.

சின்ன வெங்காயம் பெரம்பலூர்ப் பக்கம், உருளையும் கேரட்டும் மலைக்காய். இவற்றை டெல்டாவில் விளைவிக்கச் சொல்லிக் கேட்பது வீண் பிடிவாதம். விட்டுவிட்டோம்.

நிலம் பார்ப்பது

இப்போது ஏழு பேர் கொடுக்கிறார்கள்: சுவாமிமலை, கபிஸ்தலம், கணபதி அக்ரஹாரம், பாபநாசம் பக்கம். முதலில் பிடித்த ஐந்து பேரும் ஆற்றுப் படுகைக்காரர்கள். படுகை மண் வண்டலும் மணலும் கலந்தது, தண்ணீர் தேங்காது, கத்தரிக்கும் கீரைக்கும் அதைவிட நல்ல மண் இந்தப் பக்கம் கிடையாது. ஆனால் மேல்பக்கம் மழை அதிகமாகி ஆற்றில் உபரி நீர் விட்டால் ஐந்து பேருக்கும் ஒரே நாளில் முழுகும். முதல் வருடம் அதுதான் நடந்தது. இரண்டாம் வருடம் படுகை நாலு, மேட்டுக் கொல்லை மூன்று என்று பிரித்தோம். நடுவயலில் வரப்புக் காய் போடுபவர்களைச் சேர்க்கவில்லை. களிமண், ஐப்பசியில் வேர் அழுகும். தவிர நெல்லுக்கு அடிக்கும் மருந்து காற்றில் வந்து விழும்.

மருந்து அடிக்கிறாரா என்று நேரில் கேட்டால் எல்லாருமே இல்லை என்றுதான் சொல்வார்கள். மோட்டார் கொட்டகையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள், காலி டப்பா கிடந்தால் தெரியும். அடுத்து கத்தரிச் செடியின் நுனி. தண்டுத் துளைப்பான் புழு இருக்கும் கொல்லையில் வாடித் தொங்கும் நுனிகள் இருக்கும். மருந்தும் இல்லாமல், புழு இருக்கும் அந்த நுனியையும் கிள்ளாமல் இருந்தால் காயில் பாதி புழு. நுனி கிள்ளிய தடம் இருந்தால் அந்த ஆள் தினம் செடியிடம் போகிறவர் என்று அர்த்தம், அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து, வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம் (10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ கொட்டை, இடித்து ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கலந்து மாலையில்), பஞ்சகவ்யா 10 லிட்டருக்கு 300 மில்லி. இவ்வளவுதான் எங்கள் ஆட்கள் செய்வது. புடலை, பாகலில் பழ ஈக்குக் கருவாட்டுப் பொறி.

இதெல்லாம் செய்தும் கத்தரியில் பத்துக்கு ஒன்று சொத்தை வரும். அதற்கு ஒரு வழி வைத்தோம்: வந்த கிரேட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 20 காய் எடுத்து, கொடுத்தவர் முன்னாலேயே அரிவது. இரண்டு வரை கழிவு கிடையாது. மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் மொத்த எடையில் 5 சதம் கழிவு. இதற்கு முன்னால் அடுப்படியில் அரியும்போது கண்டுபிடித்து மறுநாள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

சான்றிதழ் விஷயம் ஒரு வரி: பிஜிஎஸ் (பங்கேற்பு உத்தரவாத) முறையில் குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சரிபார்க்க வேண்டும். எங்கள் ஏழு பேரில் மூன்று பேர்தான் தயார். அதனால் பலகையில் ‘ஆர்கானிக்’ என்று எழுதுவதில்லை, ஊர்ப் பெயரை மட்டும் எழுதுகிறோம்.

விலை

வருடம் முழுதும் ஒரே விலை என்று ஆரம்பித்தோம். கத்தரி கிலோ 35. கேட்க நியாயமாக இருந்தது. மாசியில் மார்க்கெட்டில் 14 ரூபாய்க்கு இறங்கியது, நம்ம மேனேஜரே ஒளித்து வெளியில் வாங்கினார். கார்த்திகையில் 90 தாண்டியது, கொடுப்பவர் “காய் இல்லைங்க” என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டில் போட்டார். இரண்டு பேரையும் குறை சொல்ல முடியாது.

இப்போது தரை விலை (இதற்குக் கீழே போகாது), கூரை விலை (இதற்கு மேலே போகாது) என்று இரண்டு. கத்தரிக்கு 25, 55. வெண்டைக்கு 22, 50. முளைக்கீரை கட்டு (சுமார் 400 கிராம்) 8, 18. நடுவில் இருக்கும்போது, திங்கள்கிழமை கும்பகோணம் உழவர் சந்தை பலகையில் எழுதும் விலை, அந்த வாரம் முழுதும் அதுவே, கூட 10 சதம். உழவர் சந்தைகள் 1999-இல் வந்ததிலிருந்து அந்தப் பலகை எல்லாருக்கும் பொதுவான சாட்சி. விலையைப் பற்றிப் பேச்சே வராது. சனிக்கிழமை மதியம் பணம். மொத்த வியாபாரத்தில் இரண்டு வாரக் கடன் சகஜம், ஆனால் கீரைக்காரரால் அது முடியாது. எங்களிடமிருந்து சரியாகப் பணம் போன ஒரே காரணத்துக்காகத்தான் கூரை விலையிலும் காய் வந்தது என்று நினைக்கிறேன்.

பறிப்பதும் எடையும்

பறிப்பு காலை ஐந்தரைக்குள் தொடங்கி ஆறரைக்குள் முடியவேண்டும். குட்டியானை வாடகை ஒரு நாளைக்கு 650, ஏழு இடம். முதல் மாதம் சாக்கில் வந்தது. வெண்டை கறுத்தது, கீரை வெந்த வாசனை வந்தது. பழைய பிளாஸ்டிக் கிரேட் ஒன்று 160 ரூபாய், 30 வாங்கினோம். அடியில் வாழையிலைச் சருகு, கீரைக்கு மேல் ஈரச்சாக்கு. வண்டி திரும்பும்போது காய்த்தோல், இலைக் கழிவு அதே கிரேட்டில் ஏறாது, தனி வாளி. இதைக் கலந்து ஒரு வாரம் கிரேட் நாறியது.

வெண்டையை நுனியில் ஒடித்துப் பார்க்க வேண்டும், ‘டப்’ என்று உடைய வேண்டும். வளைந்தால் நார். ஒரு நாள் வண்டிக்காரர் இறக்கும்போதே சொன்னார்: “அண்ணே, நேத்து மழைல பறிக்கல, இது முத்திப்போச்சு. பொரியலுக்கு வேணாம், வத்தக்குழம்புல போடுங்க.” அப்படி முன்கூட்டிச் சொன்ன காய்க்குப் பாதி விலை, சொல்லாமல் வந்தால் திருப்பி அனுப்புவது என்று அன்றைக்குத்தான் விதி வந்தது.

வாங்கும் எடை வேறு, இலையில் விழும் எடை வேறு. எங்கள் தராசில்: வாழைத்தண்டு 10 கிலோ வாங்கினால் உரித்து நார் எடுத்தபின் 4 கிலோ. வாழைப்பூ பாதிக்கும் கீழே, அதோடு கள்ளன் (பூவுக்குள் இருக்கும் வேகாத நரம்பு) எடுக்க ஒரு ஆள் ஒரு மணி நேரம். முளைக்கீரை 10-க்கு 6. சேனை 8. புடலை 8½. இதைக் கணக்கில் எடுக்காமல் வாழைப்பூ மலிவு என்று வாரம் மூன்று நாள் வைத்தோம், அரிகிற அம்மா வேலையை விட்டுப் போகப் பார்த்தார். இப்போது வெள்ளி மட்டும்.

காளான்

ஐப்பசி, கார்த்திகையில் கொடிக்காய் போகும், கீரையில் இலைப்புள்ளி வரும். அதே சமயம் கொட்டகைக்குள் 24 முதல் 28 டிகிரி, காற்றில் ஈரம் தானாகவே 80 சதத்துக்கு மேல். சிப்பிக் காளானுக்கு இதைவிட நல்ல நாள் இல்லை. காய் இறங்கும்போது காளான் ஏறும், டெல்டாவில் இது ஒரு வசதி. இதற்காகத்தான் கொட்டகையே போட்டோம்.

கொட்டகை 10க்கு 20 அடி. சவுக்குக் கம்பு, தென்னங்கீற்று, உள்ளே சாக்கு, கதவிலும் ஜன்னலிலும் 40 மெஷ் வலை. தரையில் மணல் ஆறு அங்குலம் (மணல் விலைதான் எல்லாவற்றிலும் கூடுதல், அடுத்த தடவை பாதி செங்கல் தூள் போடுவோம்). நடுவில் தடுப்பு: ஒரு பக்கம் இருட்டாக வித்து (காளான் விதை) பரவும் அறை, மறு பக்கம் வெளிச்சமும் காற்றும் உள்ள காளான் அறை. மொத்தம் 41,000 ரூபாய். 200 லிட்டர் இரும்பு டிரம் 1,200, ஈரம் வெப்பம் காட்டும் மீட்டர் 450, கைத்தெளிப்பான் 1,100.

தேவை வாரம் 6 கிலோ. முதல் முயற்சியில் ஆர்வத்தில் ஒரே நாளில் 50 படுக்கை (வைக்கோலும் வித்தும் அடுக்கிய பை) போட்டோம். பன்னிரண்டு பச்சைப் பூசணத்தில் போனது. மீதி 38-உம் ஒரே நாலு நாளில் பூத்து ஒன்பதரை கிலோ கொட்டியது, அதற்குப் பிறகு பத்து நாள் ஒன்றுமில்லை. சிப்பிக் காளான் ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள்தான் நன்றாக இருக்கும். மிஞ்சியதைக் காயவைத்தோம், 10 கிலோவுக்கு ஒரு கிலோ வந்தது. சூப்புக்குப் போனது.

சரியான கணக்கு இது. ஒரு படுக்கையில் 600 கிராம் காய்ந்த வைக்கோல். முதல் அறுவடை 250 கிராம், இரண்டாவது 150, மூன்றாவது 100. மொத்தம் அரை கிலோ, சுமார் 45 நாளில். வாரம் 13 படுக்கை வீதம் விடாமல் போட்டுக்கொண்டே வந்தால், ஏழாவது வாரத்திலிருந்து வாரம் ஆறு, ஆறரை கிலோ நிலையாக வரும். எந்த நேரத்திலும் இருட்டறையில் 39, காளான் அறையில் 52 படுக்கை இருக்கும். இடம் சரியாகப் போதும்.

செவ்வாய் மதியம் 3 மணிக்கு அடுப்படி ஓயும்போது 8 கிலோ வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, ஐந்து மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, சாக்கில் கட்டி டிரம்மில் முக்கால் மணி நேரம் கொதிக்கவிடுகிறோம். எரிக்கத் தென்னை மட்டை. மருந்துத் தண்ணீரில் ஊறவைக்கும் முறையும் உண்டு, கொதிக்க வைக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் பூசணக்கொல்லியும் ஃபார்மலினும் சேர்க்க வேண்டும், சாப்பாட்டுக் கடைக்கு அது ஒத்துவராது. இட்லிக் கொப்பரையில் ஒரு தடவை அவித்துப் பார்த்தோம். வைக்கோல் நன்றாக அவிந்தது, இரண்டு நாள் இட்லியில் மாட்டுக்கொட்டகை வாசனை.

புதன் காலை, கழுவிய தார்ப்பாயில் பரப்பி உலர்த்துவதுதான் உயிர்நாடி. பன்னிரண்டு படுக்கை கெட்டது இங்கேதான். அவசரத்தில் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டோம். ஒரு பிடி வைக்கோலை எடுத்து முழு பலத்தோடு பிழிய வேண்டும். விரலிடுக்கில் சொட்டு விழுந்தால் இன்னும் காயவேண்டும். சொட்டு விழாமல் உள்ளங்கை மட்டும் ஈரமாகப் பளபளத்தால் சரி. கை காய்ந்தே இருந்தால் தாண்டிவிட்டது, வித்து பரவாது. நல்ல காற்றுள்ள நிழலில் மூன்று மணி நேரம் ஆகிறது, மழை நாளில் மின்விசிறி போட்டு ஐந்து.

பை 60க்கு 30 சென்டிமீட்டர், அடியைக் கட்டிக்கொண்டு, நடுவில் இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் ஓட்டை. இரண்டு அங்குல வைக்கோல், ஓரத்தில் வளையமாக வித்து, மறுபடி வைக்கோல், இப்படி நாலைந்து அடுக்கு. ஒவ்வொரு அடுக்கையும் அழுத்த வேண்டும். 300 கிராம் வித்துப்பை ஒன்று 45 ரூபாய், இரண்டு படுக்கைக்கு. வித்து சோளத்தில் வளர்ந்தது. வெள்ளைவெளேர் என்று பஞ்சு போர்த்தி இருக்க வேண்டும். மஞ்சளாகி அடியில் நீர் கோத்திருந்தால் பழசு. பேருந்தில் வெயிலில் வைத்துக் கொண்டு வந்த ஒரு பெட்டி முழுவதும் பரவாமல் போனது. சோளத்துக்காக எலி பையைக் கிழிக்கும். இருட்டறையில் அடியிலிருந்து இரண்டடிக்குத் தகரம் அடித்த பிறகுதான் நின்றது.

புரட்டாசியில் 15 நாளில் படுக்கை வெள்ளையானது, மார்கழியில் 21 நாள். முழுதும் வெளுத்ததும் பையைக் கீறி எடுத்து, நைலான் கயிற்று உறியில் ஒன்றின் கீழ் ஒன்றாக நாலு. தினம் மூன்று வேளை சாக்கிலும் தரையிலும் தண்ணீர். படுக்கையில் மொட்டு வந்தபின் அதன் மேல் நேரே அடித்தால் மஞ்சளித்து அழுகும். குண்டூசித் தலை மாதிரி மொட்டு தெரிந்த மூன்றாம் நாள் அறுவடை. தண்டு நீண்டு குடை சிறுத்து வந்தால் காற்று போதவில்லை. எங்களுக்கு இரண்டு வாரம் அப்படித்தான் வந்தது, எதிரும் புதிருமாக அடி மட்டத்தில் இரண்டு ஜன்னல் வெட்டியதும் சரியானது. ஓரம் உள்நோக்கிச் சுருண்டிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஓரம் மேலே எழும்பினால் வெள்ளைத் தூள் கொட்டும், பறிப்பவருக்கு இருமல். முகக்கவசம் இல்லாமல் உள்ளே விடுவதில்லை.

அடுப்படிக்கு ஒரு குறிப்பு: தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, ஈரத்துணியால் துடைத்துக் கையால் கிழித்துக் காய்ந்த கல்லில் போட்டு, உப்பைக் கடைசியில்.

கோடை

பங்குனியிலும் சிப்பியையே இழுத்துப் பார்த்தோம். கொட்டகைக்குள் 35 டிகிரி. மொட்டு வரும், மறுநாள் பழுப்பாகிக் காயும். சாக்கு நனைத்து, கூரையில் தண்ணீர் விட்டு இரண்டு வாரம் வீண். சித்திரையிலிருந்து புரட்டாசி தொடக்கம் வரை பால் காளான், ஏபிகே 2 ரகம். 30 முதல் 35 டிகிரி அதற்கு இதமான வெப்பம். படுக்கை தயாரிப்பு அப்படியே; வெளுத்தபின் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டுமுகத்தில் 2 சென்டிமீட்டர் அவித்த மண். கையருகே இருக்கிறதே என்று படுகை வண்டலைப் போட்டோம். காய்ந்து ஓடு மாதிரி இறுகியது, மொட்டு அடியிலேயே மடிந்தது. இப்போது தோட்ட மண் ஒன்று, மணல் ஒன்று, நூறு பங்குக்கு இரண்டு சுண்ணாம்புத் தூள், நீராவியில் ஒரு மணி நேரம். கூரையில் நீல நிற ஷீட். மண் போட்டுப் பத்து நாளில் மொட்டு, இன்னொரு வாரத்தில் அறுவடை. நாலைந்து நாள் வாடாமல் நிற்கிறது, அதனால் அடுப்படிக்கு சிப்பியை விட இது பிடித்திருக்கிறது.

வரவு செலவு

காளானில் காசு மிச்சமில்லை. வாரத்துக்கு வைக்கோல் 60, வித்து 315, பை 40, எரிபொருள் 60, படுக்கை போட இரண்டு அரை நாள் கூலி 700, தினசரி தண்ணீரும் பறிப்பும் 700. மொத்தம் 1,875, கிலோ 290 ரூபாய் விழுகிறது. வெளியே 240-க்குக் கிடைக்கிறது, ஆனால் மழை வாரத்தில் வருவதில்லை. இரட்டிப்பாக 26 படுக்கை போட்டால் கூலி இரட்டிப்பாகாது, 220-க்கு இறங்கும். அடுத்த வருடம் பக்கத்துக் கடை ஒன்றோடு சேர்ந்து அப்படிச் செய்வதாக இருக்கிறோம்.

காயில் வருட மொத்தச் செலவு மார்க்கெட்டை விட 6 சதம் கூடுதல், வண்டி வாடகையையும் சேர்த்து. மழைக்கால இரண்டு மாதத்தில் மட்டும் 11 சதம் குறைவு. அந்த இரண்டு மாதத்துக்குப் புரட்டாசியிலேயே 60 பறங்கி, 40 சாம்பல் பூசணி வாங்கி, காம்போடு, ஒன்றையொன்று தொடாமல் பரணில் அடுக்கியது உதவியது. ஐந்து அழுகின, ஐந்துமே காம்பு ஒடிந்தவை. மொந்தன் வாழைக்காய், தண்டு, முருங்கைக்கீரை, மணத்தக்காளி வத்தல் மீதியைப் பார்த்துக்கொண்டன.

இனி மாற்ற வேண்டியது வைக்கோல். குறுவை வைக்கோல் புரட்டாசி, ஐப்பசி மழையில் நனைந்தே வரும், அதைத் தொடாதீர்கள். பெல்ட் வைத்த அறுவடை மெஷின் அறுத்த சம்பா வைக்கோலும் நசுங்கி, சேறு ஒட்டி, ஊறவைத்தால் கூழாகிறது. கை அறுப்பு வைக்கோலில் அதே வித்துக்குப் படுக்கைக்கு 60, 70 கிராம் கூட வந்தது. பாரம்பரிய நெல் போடும் இருவர் இன்னும் கையால் அறுக்கிறார்கள். வருடத்துக்கு 420 கிலோ, கழிவோடு 500. ஆற்றில் தண்ணீர் நிறுத்தியதும், தை கடைசியில் அறுப்பு தொடங்கும். மாசி முதல் வாரத்துக்குள் களத்திலேயே மூன்று வெயில் காயவைத்து ஏற்ற அட்வான்ஸ் 1,500 கொடுத்தாகிவிட்டது. அடுக்க இடம்தான் இன்னும் பார்க்கவில்லை.